பச்சை ஒளியில் செடி ஆக்சிஜன் விடுமா?

கேள்வி இதுதான்: "சிவப்பு, நீல ஒளியில்தான் ஒளிச்சேர்க்கை நடக்கும் என்று பாடத்தில் படித்தோம். அப்படியானால் பச்சை ஒளியில் ஆக்சிஜனே வராதா? மகளின் பள்ளியில் ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடியை வைத்து வண்ண செலோபேன் தாளில் குமிழி எண்ணும் சோதனை செய்யச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டு மீன்தொட்டிக்கு ஊதா நிற எல்இடி வாங்கலாமா என்றும் யோசிக்கிறேன்."

வரும். நன்றாகவே வரும். அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர் வரை உள்ள எந்த நிற ஒளியானாலும், இலை அதை உட்கவர்ந்துவிட்டால் ஆக்சிஜன் உண்டு. நிறம் தீர்மானிப்பது இரண்டே விஷயங்களை. அந்த ஒளித்துகள் இலையில் பிடிபடுமா என்பது ஒன்று. பிடிபட்டால் செடியின் இரண்டு ஒளித்தொகுப்புகளில் (ஒளியைப் பிடித்து எலக்ட்ரானை நகர்த்தும் அமைப்புகளில்) எதற்குப் போய்ச் சேரும் என்பது மற்றொன்று. நீரைப் பிளக்கும் இடத்துக்கு ஆற்றல் வந்து சேர்ந்தபிறகு, அது நீலத்திலிருந்து வந்ததா, பச்சையிலிருந்து வந்ததா, சிவப்பிலிருந்து வந்ததா என்ற வேறுபாடே அங்கே கிடையாது. பள்ளிப் புத்தகங்கள் இந்தக் கடைசி விஷயத்தைச் சொல்வதில்லை. எனக்கு அதுதான் இந்தப் பாடத்தின் உயிர்நாடியாகத் தெரிகிறது.

முதலில் 'சிவப்பும் நீலமும்தான்' என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1882ல் நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகரில் இருந்த ஜெர்மானிய அறிஞர் தியோடர் வில்ஹெல்ம் எங்கெல்மான் ஓர் அருமையான சோதனை செய்தார். ஒரே ஒரு செல் விடும் ஆக்சிஜனை அளக்க எந்தக் கருவியும் இல்லாத காலம் அது. அவர் ஒரு பச்சைப்பாசி இழையை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, முப்பட்டகத்தால் பிரித்த ஒளியை அந்த இழையின் நீளத்துக்கு வானவில்லாகப் படியவிட்டார். ஆக்சிஜனை நாடி நீந்திப் போகும் பாக்டீரியாக்களையும் அந்த நீரில் விட்டார். அவை சிவப்பு விழுந்த இடத்திலும் நீலம் விழுந்த இடத்திலும் மொய்த்தன; பச்சை விழுந்த இடத்தில் கொஞ்சம்தான் இருந்தன. ஆக்சிஜன் எங்கே அதிகம் என்பதை உயிருள்ள பாக்டீரியாக்களே வரைபடமாகக் காட்டிவிட்டன. இன்றைக்கும் இதைவிட நேர்த்தியான சோதனையை நான் வகுப்பில் சொல்லிக் கொடுத்ததில்லை.

அப்புறம் இலையின் பச்சை நிறமியான பச்சையத்தை, அதாவது குளோரோஃபிலைத் தனியாகப் பிரித்தெடுத்து அளந்தார்கள். கரைசலில் குளோரோஃபில் ஏ 430, 662 நானோமீட்டர் ஆகிய இடங்களில் ஒளியை மிகுதியாக உட்கவர்கிறது. குளோரோஃபில் பி ஏறக்குறைய 453, 642ல். நடுவில் பச்சைப் பகுதி பள்ளமாகக் கிடக்கிறது. எங்கெல்மானின் முடிவோடு இது அச்சாகப் பொருந்தியது. புத்தகங்களில் இரண்டு மலைகளும் ஒரு பள்ளத்தாக்குமாக நாம் பார்க்கும் படம் இதுதான்.

இரண்டு அளவீடுகளும் சரியானவை. ஆனால் ஒன்று மெல்லிய பாசி இழையில் எடுத்தது, மற்றொன்று நீர்த்த கரைசலில். இலை அப்படிப்பட்ட பொருள் கிடையாது. ஒரு மாவிலைக்குள் பல அடுக்கு செல்கள், அவற்றுக்கிடையே காற்று இடைவெளிகள். உள்ளே நுழைந்த ஒளி செல்சுவரிலும் காற்றிலும் பட்டுத் திரும்பத் திரும்பச் சிதறுகிறது. முதல் பச்சையத்திடம் தப்பிய பச்சை ஒளித்துகள் பத்தாவதிடமோ நூறாவதிடமோ மாட்டிக்கொள்கிறது. அதனால் நல்ல தடிமனான இலை தன்மேல் விழும் நீல, சிவப்பு ஒளியில் 90 சதவீதம் வரை உட்கவர்கிறது என்றால், பச்சை ஒளியிலும் முக்கால் பங்குக்கு மேல் பிடித்துவிடுகிறது. இலை நம் கண்ணுக்குப் பச்சையாகத் தெரிவதற்கு மிச்சமுள்ள அந்தச் சிறு பங்கே போதும், ஏனென்றால் நம் கண் பச்சைக்குத்தான் மிகக் கூர்மையாக இருக்கிறது.

1972ல் அமெரிக்காவின் டெக்சாசில் கீத் மெக்ரீ 22 வகைப் பயிர்களின் இலைகளை எடுத்து, அலைநீளம் அலைநீளமாக ஒளிச்சேர்க்கையை அளந்தார். உட்கவர்ந்த ஒளித்துகள் ஒன்றுக்கு எவ்வளவு என்று பார்த்தால் சிவப்பு முதலிடம். பச்சை நீலத்துக்குச் சளைத்ததாக இல்லை. நீலம் பின்தங்குவதற்குக் காரணம் உண்டு. கரோட்டினாய்டுகள் என்ற மஞ்சள், ஆரஞ்சு நிறமிகள் நீலத்தின் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்கின்றன, பிடித்ததை முழுமையாகப் பச்சையத்துக்குக் கைமாற்றுவதில்லை. இலை மேல்தோலின் வேறு நிறமிகளும் நீலத்தில் கொஞ்சத்தை வீணாக்குகின்றன. விளக்குப் பெட்டிகளில் போடும் 400–700 நானோமீட்டர் என்ற 'ஒளிச்சேர்க்கைக்குரிய ஒளி' வரம்புக்கு வலுவான ஆதாரம் மெக்ரீயின் இந்த அளவீடுதான்.

பச்சைக்கு இன்னொரு தனிச்சிறப்பும் உண்டு. டோக்கியோ பல்கலைக்கழகத்தின் இச்சிரோ தெராஷிமா குழு 2009ல் சூரியகாந்தி இலையில் காட்டியது. கடும் வெள்ளை ஒளியில் இலையின் மேலடுக்குகள் ஏற்கெனவே தங்கள் உச்சத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு மேல் சிவப்பைக் கூட்டினால் அதே மேலடுக்குகளே அதையும் வாங்கி வெப்பமாக விட்டுவிடுகின்றன. பச்சையைக் கூட்டினால் அது ஆழமாக இறங்கி, நிழலில் கிடக்கும் கீழடுக்குப் பசுங்கணிகங்களுக்கு (செல்லுக்குள் ஒளிச்சேர்க்கை நடக்கும் உறுப்புகளுக்கு) வேலை கொடுக்கிறது. அந்த நிலையில் சிவப்பைவிடப் பச்சைதான் ஒளிச்சேர்க்கையைக் கூடுதலாக உயர்த்தியது.

சரி, இப்போது ஆக்சிஜன் உருவாகும் இடத்துக்கு வருவோம். வெளிவரும் ஆக்சிஜன் கார்பன் டை ஆக்சைடிலிருந்து வருவதில்லை, நீரிலிருந்து வருகிறது. இதைச் சாமுவேல் ரூபன், மார்ட்டின் கேமன் ஆகியோர் 1941ல் கனமான ஆக்சிஜன்-18 ஐசோடோப்பை வைத்துக் காட்டினார்கள். நீரைப் பிளக்கும் வேலை நடப்பது இரண்டாம் ஒளித்தொகுப்பில். அங்கே நான்கு மாங்கனீசு அணுக்களும் ஒரு கால்சியம் அணுவும் ஆக்சிஜன் அணுக்களால் இணைந்த ஒரு சிறு கொத்து இருக்கிறது. 2011ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதன் அமைப்பை 1.9 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில் படம்பிடித்தார்கள். அதன் பக்கத்தில் இருப்பது பி680 என்ற பச்சையம். ஒளியாற்றல் வந்ததும் பி680 ஓர் எலக்ட்ரானை இழக்கிறது. இழந்த நிலையில் அது உயிருலகில் நமக்குத் தெரிந்த மிக வலுவான ஆக்சிஜனேற்றி. தான் இழந்த எலக்ட்ரானை மாங்கனீசுக் கொத்திலிருந்து பறித்துக்கொள்கிறது. கொத்து தன் பங்கை நீரிடமிருந்து எடுக்கிறது.

ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு வர இரண்டு நீர் மூலக்கூறுகளிலிருந்து நான்கு எலக்ட்ரான்களை எடுக்க வேண்டும். ஒரு ஒளித்துகள் ஓர் எலக்ட்ரானைத்தான் நகர்த்தும். ஆகவே நான்கு முறை ஒளி பட்டால்தான் ஒரு ஆக்சிஜன். 1969ல் பிரான்சின் பியர் ஜோலியோ இதை நேரடியாகப் பார்த்தார். இருட்டில் வைத்திருந்த பசுங்கணிகங்களுக்கு மிகக் குறுகிய ஒளிவெட்டுகளை ஒவ்வொன்றாகக் கொடுத்தார். முதல் வெட்டில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. இரண்டாவதில் மிகக் கொஞ்சம். மூன்றாவதில் ஆக்சிஜன் பொங்கி வந்தது. பிறகு ஏழாவதில், பதினொன்றாவதில் என்று நான்குக்கு ஒருமுறை உச்சம். அடுத்த ஆண்டு பெசல் கோக் இதற்கு விளக்கம் கொடுத்தார். ஷேர் ஆட்டோ மாதிரிதான்: நான்கு பேர் ஏறினால்தான் வண்டி கிளம்பும். ஏறுகிறவர் சட்டை நீலமா சிவப்பா என்று ஓட்டுநர் பார்ப்பதில்லை, தலைகளை மட்டும் எண்ணுகிறார். இருட்டில் நிற்கும் பெரும்பாலான வண்டிகளில் ஒருவர் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறார். அதனால்தான் முதல் உச்சம் நான்காவதில் வராமல் மூன்றாவதிலேயே வந்தது.

நிறத்தைப் பார்ப்பதில்லை என்று சொன்னேன், ஆனால் நீல ஒளித்துகளுக்கு ஆற்றல் அதிகமாயிற்றே என்று கேட்கலாம். உண்மைதான். 450 நானோமீட்டர் நீலத்தில் ஒரு மோல் ஒளித்துகளுக்கு 266 கிலோஜூல்; 680 நானோமீட்டர் சிவப்பில் 176 தான். ஆனால் நீலம் பட்டுப் பச்சையம் மேல் ஆற்றல் நிலைக்கு ஏறினாலும், அங்கே தங்காது. ஒரு நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு நேரம்கூட ஆகாமல் கீழ்நிலைக்கு இறங்கி, சிவப்பு பட்டிருந்தால் எங்கே இருந்திருக்குமோ அங்கேயே வந்து நிற்கிறது. இடைப்பட்ட ஆற்றல் வெப்பமாகப் போய்விடுகிறது. பி680 போன்ற எதிர்வினை மையத்துக்குப் போய்ச் சேருவது எல்லா நிறத்துக்கும் ஒரே அளவு ஆற்றல். எனவே ஆக்சிஜன் கணக்கில் ஜூலுக்கு இடமில்லை, ஒளித்துகள்களின் எண்ணிக்கைதான் கணக்கு. ஒரு ஜூல் ஆற்றலில் 660 நானோமீட்டர் சிவப்பில் ஏறக்குறைய 5.5 மைக்ரோமோல் ஒளித்துகள்கள் கிடைக்கும், 450 நீலத்தில் 3.8 தான். பசுமைக்குடில் விளக்குகளில் சிவப்பு எல்இடி அதிகமாக இருப்பதற்கு முதல் காரணம் இந்த மின்சாரக் கணக்கு.

இதுவரை சொன்னதை வைத்துப் பார்த்தால், பச்சையம் உட்கவரும் எந்த அலைநீளமும் ஒரே மாதிரி ஆக்சிஜன் தர வேண்டும். ராபர்ட் எமர்சன் 1943ல் சார்ல்டன் லூயிஸுடன் சேர்ந்து குளோரெல்லா பாசியில் இதைத் துல்லியமாக அளந்தபோது ஒரு முரண் தெரிந்தது. 680 நானோமீட்டரைத் தாண்டியதும், பாசி ஒளியை உட்கவர்ந்துகொண்டே இருக்கிறது, ஆனால் ஆக்சிஜன் விளைச்சல் சரிந்து விழுகிறது. இதற்குச் 'சிவப்பு வீழ்ச்சி' என்று பெயர். பிடித்த ஒளி எங்கே போகிறது?

விடை கிடைக்கப் பதினான்கு ஆண்டுகள் ஆயின. 1957ல் எமர்சன், பயனற்றது என்று கருதிய, 680ஐத் தாண்டிய அந்தத் தொலைசிவப்பு ஒளியோடு கூடவே குறைந்த அலைநீள ஒளி ஒன்றையும் பாய்ச்சினார். வந்த ஆக்சிஜன், இரண்டையும் தனித்தனியே கொடுத்தபோது வந்த அளவுகளின் கூட்டுத்தொகையைவிட அதிகம். தனியாக வேலை செய்யாத ஒளி, துணை கிடைத்ததும் வேலை செய்தது. 1960ல் ஜாக் மயர்ஸ், ஸ்டேசி ஃபிரெஞ்ச் இருவரும் இன்னொரு படி போனார்கள். இரண்டு நிறங்களையும் ஒரே நேரத்தில் கொடுக்காமல் மாற்றி மாற்றி, இடையில் சில நொடிகள் இருட்டு விட்டுக் கொடுத்தபோதும் அந்தக் கூடுதல் பலன் இருந்தது. அப்படியானால் முதல் நிறம் செய்த வேலை ஏதோ ஒரு வேதிப்பொருளாகச் செடிக்குள் காத்திருக்கிறது என்று பொருள்.

அதாவது ஒளித்தொகுப்புகள் இரண்டு, ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்வரிசையில். இரண்டாம் ஒளித்தொகுப்பு நீரிலிருந்து எலக்ட்ரானை எடுத்து நடுவிலுள்ள கடத்திகளில் விடுகிறது. முதலாம் ஒளித்தொகுப்பு, அதன் மையம் பி700, அதை அங்கிருந்து எடுத்து மீண்டும் ஒரு ஒளித்துகளால் உயர்த்துகிறது. (எண்கள் கண்டுபிடித்த வரிசையில் போட்டவை; எலக்ட்ரான் போகும் வரிசை தலைகீழ்.) 680ஐத் தாண்டிய ஒளி பெரும்பாலும் முதலாம் தொகுப்புக்கே போகிறது. இரண்டாம் தொகுப்பு பசியோடு நிற்கும்போது நீர் பிளக்காது, ஆக்சிஜன் வராது. 1960ல் ராபின் ஹில்லும் ஃபே பெண்டாலும் இந்த இரட்டை ஓட்டத்தை இசட் வடிவ வரைபடமாக முன்வைத்தார்கள். அடுத்த ஆண்டே நெதர்லாந்தின் லூயி டாய்சென்ஸ் குழு, ஒரு சிவப்புப்பாசியில் 680 நானோமீட்டர் ஒளி பட்டால் நடுவிலிருக்கும் சைட்டோகுரோம் என்ற கடத்தி எலக்ட்ரானை இழப்பதையும், 562 நானோமீட்டர் பச்சை பட்டால் திரும்பப் பெறுவதையும் காட்டியது. ஒன்று இழுக்கிறது, மற்றொன்று நிரப்புகிறது.

எமர்சனுக்கும் அவருடைய ஆசிரியர் ஓட்டோ வார்புர்க்குக்கும் இடையே பல ஆண்டுகள் நீண்ட சர்ச்சையும் இங்கேதான் தீர்ந்தது. நோபல் பரிசு பெற்ற வார்புர்க் ஒரு ஆக்சிஜனுக்கு நான்கு ஒளித்துகள் போதும் என்றார், பிறகு அதற்கும் குறைவு என்றார். எமர்சனின் அளவீடுகள் எட்டுக்குக் கீழே இறங்கவே இல்லை. நான்கு எலக்ட்ரான்கள், ஒவ்வொன்றையும் இரண்டு முறை உயர்த்த வேண்டும்: குறைந்தது எட்டு. உண்மையான இலைகளில் ஒன்பது, பத்து என்று வருகிறது. மாணவர்தான் சரி. இசட் வரைபடம் வருவதைப் பார்க்க அவர் இருக்கவில்லை. 1959 பிப்ரவரியில் நியூயார்க்கின் ஈஸ்ட் ஆற்றில் விழுந்த விமானத்தில் இறந்துபோனார். இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் மனிதர் அவர்தான், அளவீட்டை விட்டுக்கொடுக்காத பிடிவாதத்துக்காக.

இதே தர்க்கத்தை நீட்டினால் சிவப்புப்பாசிகளின் புதிரும் அவிழ்கிறது. அவற்றில் ஃபைகோஎரித்ரின் என்ற நிறமி பச்சை ஒளியைப் பிடித்து இரண்டாம் ஒளித்தொகுப்புக்குக் கொடுக்கிறது. அவற்றின் குளோரோஃபில் ஏ பெரும்பகுதி முதலாம் தொகுப்பில் இருக்கிறது. விளைவாக, 1950ல் ஃபிரான்சிஸ் ஹாக்சோவும் லாரன்ஸ் பிளிங்க்ஸும் அளந்தபோது, அந்தப் பாசிகளில் பச்சையம் உட்கவர்ந்த சிவப்பும் நீலமும் ஆக்சிஜனுக்குப் பெரிதாக உதவவில்லை. பச்சைதான் உதவியது. கடலின் ஆழத்தில் இது பெரிய வசதி, ஏனென்றால் தெளிந்த நீர்கூட 680 நானோமீட்டர் சிவப்பில் பாதியை ஒன்றரை மீட்டருக்குள் விழுங்கிவிடும். பச்சையில் பாதி குறைய பன்னிரண்டு மீட்டர் போல ஆகும்.

தொலைசிவப்பைப் பற்றி அண்மைக்காலச் செய்தி ஒன்றும் உண்டு. யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஷுயாங் ஜென், புரூஸ் பக்பி இருவரும் 2020ல் 14 பயிர்களில் அளந்து, 700ஐத் தாண்டிய ஒளித்துகள்களும் வெள்ளை ஒளியோடு சேர்ந்து வரும்போது மற்றவற்றுக்கு இணையாகவே வேலை செய்கின்றன என்று காட்டினார்கள். எமர்சன் ஒரு பாசியில் கண்டது பயிர்நிலத்து இலையிலும் நிற்கிறது.

இனி உங்கள் மீன்தொட்டி. ஊதா எல்இடி தேவையில்லை. சாதாரண வெள்ளை எல்இடியே நீலமும் பச்சையும் சிவப்பும் கலந்து தருகிறது, ஓர் அடி ஒன்றரை அடி ஆழத்தில் நீரால் இழக்கும் சிவப்பும் அற்பம். ஊதா ஒளியில் இலைகள் கறுத்துத் தெரியும். மஞ்சளாவது, புள்ளி விழுவது எதுவும் கண்ணில் படாது. வெறும் சிவப்பு விளக்கு மட்டும் வேண்டாம். வெள்ளரியில் செய்த ஓர் ஆய்வில், தனிச் சிவப்பில் வளர்ந்த இலைகளின் ஒளிச்சேர்க்கை சீர்கெட்டது. மொத்த ஒளியில் 7 சதவீதம் நீலம் சேர்த்ததும் பெருமளவு சரியாயிற்று. இங்கே நீலத்தின் பங்கு ஆற்றல் அல்ல, இலையின் வளர்ச்சியை நெறிப்படுத்தும் சமிக்ஞை.

மகளின் சோதனைக்கு வருகிறேன். செலோபேன் தாளில் பெரிய சிக்கல், ஒவ்வொரு தாளும் வெவ்வேறு அளவு ஒளியை விடுகிறது. பச்சைத் தாள் வழியே மொத்த ஒளியே குறைவாக வந்தால், குமிழி குறைந்ததற்குக் காரணம் நிறமா அளவா என்று தெரியாது. கைபேசியில் உள்ள லக்ஸ் அளவியை வைத்துச் சமன் செய்யப் பார்ப்பார்கள், அது இன்னும் மோசம். லக்ஸ் என்பது மனிதக் கண்ணின் அளவு. அதே லக்ஸ் காட்டும் 660 நானோமீட்டர் சிவப்பில், 555 நானோமீட்டர் பச்சையில் இருப்பதைப்போல் பதினைந்து மடங்குக்கும் மேல் ஒளித்துகள்கள் இருக்கும். முடிந்தால் தாளுக்குப் பதில் சிவப்பு, பச்சை, நீல எல்இடி பட்டைகளைப் பயன்படுத்தட்டும். அவற்றின் ஒளித்துகள் அளவை விற்பவர் கொடுத்திருந்தால் தூரத்தை மாற்றிச் சமன் செய்யலாம்.

தண்ணீரில் ஒரு சிட்டிகை ஆப்பச் சோடா போடச் சொல்லுங்கள், ஹைட்ரில்லாவுக்கு அந்த பைகார்பனேட்டிலிருந்து கார்பன் கிடைக்கும். விளக்கைத் தள்ளி வைத்தால் குமிழி குறைகிறதா என்று முதலிலேயே பார்க்க வேண்டும். குறையவில்லையென்றால் ஒளி ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறது, அந்த நிலையில் எந்த நிறமும் வித்தியாசம் காட்டாது. நிறம் மாற்றியதும் ஐந்து நிமிடம் காத்திருந்து எண்ண வேண்டும். குமிழியில் ஆக்சிஜனோடு நீரில் கரைந்திருந்த நைட்ரஜனும் கலந்திருக்கும் என்பதையும் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் பச்சையில் குமிழி குறைவாகத்தான் வரும் என்று நினைக்கிறேன். காரணம், ஹைட்ரில்லாவின் இலை இரண்டே செல் அடுக்கு தடிமன். மாவிலையில் மாட்டிக்கொள்ளும் பச்சை ஒளி இங்கே ஊடுருவி மறுபக்கம் போய்விடும். எங்கெல்மானின் பாசி இழைக்கு நேர்ந்ததும் இதுவே. ஒரு கிளைக்குப் பதிலாக நாலைந்து கிளைகளை நெருக்கிக் கட்டி, ஒன்றன்பின் ஒன்றாக ஒளி புகும்படி வைத்து மறுபடி எண்ணினால், சிவப்புக்கும் பச்சைக்கும் உள்ள இடைவெளி குறைய வேண்டும். இரண்டு எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு ஆசிரியரிடம் கொடுக்கட்டும்.